பட்டறைக் கேள்வி பதில்: கிட்டில் வரும் மர இழைப்புளி

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. பிளேடும் அறுத்த மரத்துண்டுகளும் அடங்கிய கிட்டை வாங்கி, இழைப்புளியை நாமே பொருத்திக்கொள்வது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறோம்.

இதுவரை நான் கருவி எதுவும் செய்ததில்லை. கிட்டில் என்னென்ன இருக்கும்? எனக்கு எவ்வளவு வேலை மிஞ்சும்?
வாசகர், சேலம்

பெரும்பாலான கிட்டுகளில் இருப்பவை இவை: பிளேடு, அதன்மேல் திருகில் பொருந்தி, சீவலை மடக்கிவிடும் தகடான சிப் பிரேக்கர், இரண்டு பக்கப் பலகைகள், முன்கட்டை, பின்கட்டை, பிளேடை இறுக்கும் ஆப்பு, அந்த ஆப்பு முட்டி நிற்கும் குறுக்குத் தண்டு, ஒட்டும்போது துண்டுகள் நகராமல் பிடிக்கும் நான்கு முளைக்குச்சிகள். பின்கட்டையின் சரிவான முகத்தில்தான் பிளேடு படுக்கும். அந்த முகத்தைப் படுகை என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் 45 பாகையில் வெட்டி வரும்.

ஒரே கட்டையில் குழி தோண்டிச் செய்யும் நம் பழைய முறையிலிருந்து இது மாறுபட்டது. கட்டையை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டில் சரிவுகளை வெட்டி, மறுபடி ஒட்டுகிறார்கள். குழிக்குள் உளியை விட்டுத் தடவித் தடவிச் செதுக்கும் வேலை இதில் இல்லை. இந்த முறையைப் பரப்பியவர் ஜேம்ஸ் கிரெனோவ் (1920–2009). அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபோர்ட் பிராக் என்ற ஊரில், 1981 முதல் அவர் நடத்திய மரவேலை வகுப்பின் மாணவர்கள் தங்கள் இழைப்புளியைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

உங்களுக்கு மிஞ்சும் வேலை ஒட்டுவது, அடிப்பரப்பை மட்டமாக்குவது, வாயை, அதாவது அடிப்பரப்பில் பிளேடின் முனை வெளிவரும் பிளவைத் திறப்பது, ஆப்பைப் பொருத்துவது, பிளேடைத் தீட்டுவது. நிதானமாகச் செய்தால் இரண்டு நாள். அளவில் முதல் கருவிக்கு 200 முதல் 250 மி.மீ நீளமும் 38 அல்லது 44 மி.மீ பிளேடும் போதும். இதற்கு மேல் நீளம் போனால் அடிப்பரப்பை மட்டமாக்குவது கடினம்.

கிட் போன வாரம் வந்தது. இங்கே ஐப்பசி மழை. உடனே ஒட்டலாமா?
வாசகர், சென்னை

வேண்டாம். உறையைப் பிரித்து, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் குச்சி வைத்து அடுக்கி, நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் காற்றாட விடுங்கள்.

கிட்டுகளில் வரும் மரம் பெரும்பாலும் பீச். குளிர்நாட்டில் உலர்த்திப் பையில் அடைத்த அந்த மரம் நம் கடற்கரைக் காற்றில் ஈரம் குடித்து விரியும். தேக்கோடு ஒப்பிட்டால் பீச் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிந்து சுருங்கும். நடுக்கட்டையின் அகலம் 41 மி.மீ என்றால், மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறும்போது அந்த அகலம் அரை மில்லிமீட்டருக்கு மேல் மாறக்கூடும். பாதி விரிந்த நிலையில் ஒட்டிவிட்டால், மீதி விரிதல் ஒட்டிய பிறகு நடக்கும். கட்டை முறுக்கிக்கொள்வது அப்படித்தான்.

இன்னொன்றையும் இப்போதே அளந்துவிடுங்கள். பிளேடுக்கு இரண்டு பக்கமும் தலா 1 முதல் 1.5 மி.மீ இடைவெளி இருக்கவேண்டும். அதாவது 38 மி.மீ பிளேடுக்கு நடுக்கட்டை 40 முதல் 41 மி.மீ. மழைக்காலத்தில் கச்சிதமாக உட்காரும் பிளேடை, கோடையிலோ ஏசி அறையிலோ மரம் சுருங்கிக் கவ்விப் பிடிக்கும். இரும்பு சுருங்காது, ஆகவே ஒட்டு விடும் அல்லது பக்கப் பலகை பிளக்கும். ‘ஆடாமல் அசையாமல் பிளேடு பொருந்துகிறது’ என்று மகிழ்வதற்கு இங்கே ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஆடத்தான் வேண்டும்.

ஒட்டிக் காய்ந்த பிறகு பார்த்தால் பிளேடு வாயில் கோணலாக நிற்கிறது. எல்லாத் துண்டும் இயந்திரத்தில் வெட்டி வந்தவைதானே, எங்கே தவறு?
வாசகர், மதுரை

தவறு ஒட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்திருக்கிறது. ஈரப் பசை எண்ணெய் மாதிரி வழுக்கும். கிளாம்ப்பை முறுக்கும்போது கட்டைகள் மெல்ல நகரும், கண்ணுக்குத் தெரியாது. பின்கட்டை கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே வாயில் அது தெரியும்.

முதலில், வந்திருப்பது எந்தக் கோணல் என்று பாருங்கள். பிளேடின் தலையைச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டும்போது முனை நேராகிவிட்டால் அது கோணலே அல்ல. அந்தப் பக்க இடைவெளி இருப்பதே அதற்காகத்தான். தட்டியும் முனையின் ஒரு மூலை உயர்ந்தே நிற்கிறது, அல்லது ஆப்பை இறுக்கியதும் மறுபடி சாய்கிறது என்றால் படுகையே முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிளேடின் அடிமுகத்தில் மெழுகுவர்த்திக் கரியைப் பூசி, படுகையில் வைத்து அழுத்தி எடுங்கள். கரி ஒட்டிய இடம் மேடு. சீரான தட்டை அரத்தால் மேட்டை மட்டும் தேய்த்து, மறுபடி கரி வைத்துப் பாருங்கள். கீழே வாயருகே முழு அகலத்துக்கும், மேலே ஓரிடத்திலும் கரி ஒட்டவேண்டும். நடுவில் லேசான பள்ளம் இருந்தால் குற்றமில்லை, மேடு மட்டும் ஆகாது. படுகையில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் வாய் 0.7 மி.மீ அகலும், ஆப்பும் அந்த அரை மில்லிமீட்டருக்குத் தளரும். அதனால் கொஞ்சம் தடிமனான புது ஆப்பு ஒன்று வெட்டிக்கொள்ள நேரும்.

இனி ஒட்டப்போகிறவர்களுக்கு: பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் கட்டிப் பாருங்கள். 10 மி.மீ கண்ணாடித் துண்டின்மேல் முன்கட்டையும் பின்கட்டையும் அடிமுகம் படிய நிற்கவேண்டும். குறுக்குத் தண்டை மாட்டி, பிளேடையும் ஆப்பையும் வைத்து, முன்கட்டையை நெருக்குங்கள். பிளேடின் முனை அடிப்பரப்பைத் தாண்டி வெளியே வராமல், அரை மில்லிமீட்டர் உள்ளேயே தட்டி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் கிளாம்ப் போட்டு முளைத்துளைகளைப் போடுங்கள். முன்கட்டைக்கு இரண்டு, பின்கட்டைக்கு இரண்டு, 6 மி.மீ துளைகள் போதும். துளைகளைக் கட்டையின் இரு கோடிகளில், பின்னால் அறுத்தெறியும் பகுதியில் போட்டால் கருவியில் தடம் தெரியாது. துளை முன்பே போட்டு வரும் கிட்டிலும் இந்த ஒத்திகையைத் தவிர்க்காதீர்கள்.

குறுக்குத் தண்டின் இடத்தையும் இப்போதே சரிபாருங்கள். பிளேடும் சிப் பிரேக்கரும் சேர்ந்து 8 மி.மீ தடிமன், ஆப்புக்கு 7 மி.மீ என்றால், தண்டின் தட்டையான முகம் படுகையிலிருந்து 15 மி.மீ தள்ளி நிற்கவேண்டும். தண்டு தன் துளையில் தாராளமாகச் சுழலவேண்டும். சுழன்றால்தான் ஆப்பின் முகத்தோடு அது தானாகப் படியும். ஒட்டும்போது தண்டை மாட்ட மறந்தவர்கள் உண்டு. மறந்தால் பிறகு நுழைக்க வழியில்லை.

பசைக்கு ஃபெவிகால் மரைன் நன்றாகப் போதும். இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். படுகையின் விளிம்பிலும் வாயின் விளிம்பிலும் 3 மி.மீ பட்டையை மட்டும் பசையில்லாமல் விடுங்கள். கிளாம்ப் நடுவிலிருந்து தொடங்கிக் கோடிகளுக்குப் போகவேண்டும், ஐந்தாறாவது வேண்டும். உள்ளே பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். துணி அதைப் படுகை முழுக்கப் பூசிவிடும். 20, 30 நிமிடம் கழித்து ரப்பர் பதத்துக்கு வந்ததும் சிறிய உளியால் சுரண்டினால் ஒரே பட்டையாக வந்துவிடும். கிளாம்ப்பை 24 மணி நேரம் கழித்துக் கழற்றுங்கள்.

வாயை எவ்வளவு திறக்கவேண்டும்? அடிப்பரப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்ததில் வாய் 2 மி.மீ ஆகிவிட்டது.
வாசகர், தஞ்சாவூர்

மெருகு இழைப்புக்கு 0.2 முதல் 0.4 மி.மீ, முரட்டு இழைப்புக்கு 1 மி.மீ. உங்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் இழைப்புளியின் வடிவத்திலேயே இருக்கிறது. படுகை 45 பாகையில் பின்னோக்கிச் சாய்கிறது. முன்கட்டையின் சரிவு, 60 பாகை என்று வைத்தால், முன்னோக்கிச் சாய்கிறது. ஆகவே அடியில் 1 மி.மீ தேய்த்தால் வாய் 1 மி.மீ அல்ல, ஏறக்குறைய 1.6 மி.மீ அகலும். இதனால்தான் முன்கட்டையின் கீழ்ப்பகுதி 5 மி.மீ உயரத்துக்கு ஏறக்குறைய நேர்குத்தாக இருப்பது நல்லது. அப்படி இருந்தால் தேய்ப்புக்குச் சமமாக மட்டுமே வாய் அகலும்.

சரியான வரிசை இது: பிளேடை 2 மி.மீ உள்ளே இழுத்து, ஆப்பை வேலை செய்யும்போது இருப்பதுபோலவே இறுக்குங்கள். ஆப்பின் அழுத்தம் கட்டையை லேசாக வளைக்கும். ஆப்பில்லாமல் மட்டமாக்கிய அடிப்பரப்பு, ஆப்பு ஏறியதும் மட்டமாக இருக்காது. கண்ணாடிமேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பரப்பு முழுக்கப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, ஒரே திசையில் தேயுங்கள். கோடு முழுதும் மறைந்ததும் 220. முன்கோடி, வாய்க்கு முன்னால் உள்ள பட்டை, பின்கோடி ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். வாய்க்கு முன்னாலுள்ள பட்டைதான் இழைக்கும் மரத்தை அழுத்திப் பிடிக்கிறது. அது பள்ளமாகிவிட்டால் குறுகிய வாயால் பயனே இல்லை. மட்டமான பிறகுதான் தட்டை அரத்தை எடுத்து, இரண்டு இழுப்பு, ஒரு சோதனை என்று வாயைத் திறக்கவேண்டும்.

உங்கள் 2 மி.மீ வாயை மூட இரண்டு வழி. படுகையில் 0.5 மி.மீ மெல்லிய மரத்தகட்டை முழு நீளத்துக்கும் ஒட்டினால் பிளேடு 0.7 மி.மீ முன்னே வரும். இரண்டு தகடு ஒட்டினால் 1.4 மி.மீ மூடும், மீதி 0.6. சாதாரண இழைப்புக்கு அது போதும். ஆப்பை அதற்கேற்ப மெலிதாக்க வேண்டியிருக்கும். மெருகு இழைப்புக்கே வேண்டும் என்றால் வாய்க்கு முன்னால் அடிப்பரப்பில் 5 மி.மீ ஆழம் வெட்டி, வைரம் பாய்ந்த கட்டையில் ஒட்டுத்துண்டு பதியுங்கள். பழைய இழைப்புளிகளில் தேய்ந்த வாயைப் புதுப்பித்த முறையும் இதுதான். இரண்டாவது வழியைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

சீவுளியின் (இழைப்புளியின்) வாயில் சீவல் சிக்கிச் சிக்கி நிற்கிறது. பத்துத் தரம் தள்ளினால் ஒரு தரம் கழற்றவேண்டி இருக்கிறது.
வாசகர், யாழ்ப்பாணம்

முதலில் சிப் பிரேக்கரைப் பாருங்கள். பிளேடோடு திருகி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டுக்கும் நடுவில் ஒளி தெரியக்கூடாது. தெரிந்தால் சீவல் அந்த இடுக்கில் நுழைந்து, பின்னால் வருவதையெல்லாம் நிறுத்தும். சிப் பிரேக்கரின் அடிமுனையைக் கல்லில், பின்பக்கம் சற்றே தாழ்த்திப் பிடித்துத் தீட்டினால் முன்விளிம்பு மட்டும் படியும்.

அங்கே குறையில்லை என்றால் ஆப்பு. அதன் கீழ்முனை மொட்டையாக இருந்தால் சீவல் அதில் முட்டும். அதை மெலிதாக்கி, மேல்முகத்தை வளைவாக வழவழப்பாக்குங்கள். ஆப்பு குறுக்குத் தண்டைத் தாண்டிக் கீழே 10 மி.மீக்கு மேல் நீளவேண்டாம்.

மூன்றாவது காரணம் பலரும் கவனிக்காதது: வாயையும் குறுக்கி, சிப் பிரேக்கரையும் முனைக்கு மிக நெருக்கமாக வைப்பது. சிப் பிரேக்கர் சீவலைச் செங்குத்தாக மடக்குகிறது, மடங்கியதற்குப் போக இடம் வேண்டும். நெருக்கமாக வைப்பதானால் வாயை அரை மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்துவிடுங்கள். உள்மூலைகளில் காய்ந்த பசைத் துளி இருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவியும் பாருங்கள்.

தேக்கில் கண்ணாடிபோல இழைக்கிறது. பலாவிலும் வேங்கையிலும் நார் பிய்ந்து குழி விழுகிறது. 45 பாகை போதாதா?
வாசகர், நாகர்கோவில்

அந்த இரண்டு மரத்திலும் நார் பட்டை பட்டையாகத் திசை மாறி ஓடும். எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் ஒரு பட்டை எதிர்நாராகத்தான் இருக்கும். கோணத்தை மாற்றும் முன் சிப் பிரேக்கரை முயலுங்கள். அதன் முன்விளிம்பை 50 பாகைக்குக் குறையாமல் தீட்டி, பிளேடின் முனையிலிருந்து 0.2 மி.மீ தள்ளி நிறுத்துங்கள். இரண்டு காகிதத் தடிமன் இருக்கும். ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கத்தோ இருவரும் இந்தத் தகடு சீவலை எப்படி மடக்கி நார் பிய்வதைத் தடுக்கிறது என்பதைப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். மிக நெருங்கினால் சீவல் கசங்கிச் சுருண்டு, தள்ளவே கடினமாகும். சற்றுப் பின்னே இழுங்கள். சீவல் சுருளாமல் நேராக எழுந்து வந்தால் அதுதான் சரியான இடம்.

அதுவும் போதாவிட்டால் பிளேடின் தட்டைப் பக்கத்தில், முனையில் மட்டும், 5 பாகையில் ஒரு மெல்லிய சரிவு தீட்டினால் வெட்டுக்கோணம் 50 பாகை ஆகிவிடும். இதற்கென்று இரண்டாவது பிளேடு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்தச் சரிவை எடுக்க நிறைய தீட்டவேண்டும். இழைக்கும் விசை கூடும், சீவலை மெலிதாக எடுங்கள்.

பிளேடு புதிது, ஆனால் மொக்கை. சாணை பிடிக்கும்போது முனை நீலம் பூத்துவிட்டது.
வாசகர், கோவை

நீலம் பூத்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. கிட்டுகளில் வரும் பிளேடு பெரும்பாலும் உயர்கார்பன் எஃகு. ஏறக்குறைய 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு ஏறும்போதே அது மெதுப்படத் தொடங்கும். வைக்கோல் நிறம் முதல் எச்சரிக்கை, நீலம் வந்தால் தாமதம். நீலம் முழுதும் போகும்வரை, அதையும் தாண்டி 1 மி.மீ, தண்ணீரில் முக்கி முக்கி மெல்லத் தேய்த்து எடுத்துவிடுங்கள். மீதி பிளேடு நன்றாகவே இருக்கும்.

புது பிளேடுக்குச் சாணைச் சக்கரம் தேவையே இல்லை. தட்டைப் பக்கத்தின் முனையோரம் 10, 15 மி.மீ மட்டும் 1000 எண் கல்லில் முழுதும் படியும்வரை தேய்த்து, 6000 அல்லது 8000 கல்லில் பளபளப்பாக்குங்கள். இதை ஒருமுறைதான் செய்யவேண்டும். சரிவு 25 பாகையில் வந்திருக்கும், முனையில் 30 பாகையில் சின்ன இரண்டாம் சரிவு வையுங்கள். 45 பாகைப் படுகையில் 30 பாகைச் சரிவு என்றால் பிளேடுக்கு அடியில் 15 பாகை இடம் மிஞ்சும். அவசரத்தில் கையைத் தூக்கித் தூக்கி 35 வரை போய்விட்டால் அந்த இடம் 10 ஆகக் குறைந்து, முனை கூராக இருந்தும் பிளேடு மரத்தில் இறங்காமல் வழுக்கும். ‘தீட்டியும் வெட்டவில்லை’ என்று எழுதியிருந்த மற்ற இருவருக்கும் இதுவே பதில்.

கிட் விலை கட்டுப்படியாகவில்லை. கடையில் கிடைக்கும் இரும்பு இழைப்புளி பிளேடை வைத்து, நம்மூர் மரத்தில் செய்யலாமா?
வாசகர், திருச்சி

செய்யலாம். 2 அங்குல பிளேடும் அதன் சிப் பிரேக்கரும் தனியாகவே கிடைக்கும். இரண்டு செய்தியை மட்டும் கவனியுங்கள். அந்த பிளேடு மெலிது, 2 மி.மீ அளவுதான் இருக்கும். படுகையில் சிறு மேடு இருந்தாலும் வளைந்து அதிரும், இழைத்த முகத்தில் அலை அலையாகத் தெரியும். ஆகவே கரிச்சோதனையைப் பொறுமையாகச் செய்யுங்கள். அடுத்து, சிப் பிரேக்கர் திருகின் தலை பிளேடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். அது புகுந்து நகர, படுகையின் நடுவில் திருகுத்தலையைவிட 2 மி.மீ அகலமாக ஒரு காடி வெட்டவேண்டும். ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

மரத்துக்குப் பூவரசோ கருவேலமோ எடுத்து, நன்றாக உலர்ந்த, நார் நேராக ஓடும் துண்டாகப் பாருங்கள். தேக்கு அசையாத மரம், ஆனால் அடிப்பரப்பு சீக்கிரம் தேயும். அதன் எண்ணெய்ப் பசை ஒட்டையும் கெடுக்கும். தேக்குதான் கையில் இருக்கிறது என்றால் இழைத்த அன்றே அசிட்டோனால் துடைத்து ஒட்டிவிடுங்கள், அடிப்பரப்பில் 5 மி.மீ வன்மரப் பட்டை ஒன்றும் சேருங்கள்.

திருகு இல்லாத கருவியில் பிளேடை ஏற்றி இறக்குவது எப்படி? கட்டைக்கு என்ன பூசலாம்?
வாசகர், சிங்கப்பூர்

150 முதல் 200 கிராம் எடையுள்ள சிறிய பித்தளைச் சுத்தியல் வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடின் தலையில் தட்டினால் முனை இறங்கும். கட்டையின் பின்கோடியில் தட்டினால் முனை ஏறும். ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு ஆப்பை ஒருமுறை லேசாகத் தட்டி இறுக்கவேண்டும். பின்கோடியில் இரண்டு தட்டலில் ஆப்பு கழலவேண்டும், அந்த இறுக்கம் போதும். அதற்கு மேல் அடித்து ஏற்றினால் தண்டு அமர்ந்த இடத்தில் பக்கப் பலகை பிளக்கும்.

கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் இரண்டு பூச்சு. படுகையிலும் ஆப்பிலும் எதுவும் பூசக்கூடாது, வழுக்கும். அடிப்பரப்பில் வேலைக்கு நடுவே வெறும் மெழுகுவர்த்தியைக் கோடாக இழுத்தால் போதும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.